நான்காவது பாதை எதற்கு?

காலை எட்டரை மணி. சென்னை மாம்பலம் ரயில் நிலையத்தில் நிற்கிறீர்கள். கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயில் வந்து நிற்கிறது. வாசலில் கால் வைக்க இடமில்லை. முண்டியடித்துக்கொண்டு நாலைந்து பேர் ஏறுகிறார்கள். நீங்கள் நடைமேடையிலேயே நின்றுவிடுகிறீர்கள். வண்டி போன பிறகு எதிரே பார்க்கிறீர்கள். நான்கு இருப்புப்பாதைகள் வெயிலில் பளபளத்துக்கொண்டு நீண்டு கிடக்கின்றன. அந்த நிமிடத்தில் ஒன்றிலும் வண்டி இல்லை. “இவ்வளவு பாதை சும்மா கிடக்கிறதே! இன்னும் நாலு வண்டி விட்டால் என்ன?” என்று தோன்றுகிறதல்லவா?

நியாயமான கேள்விதான். ஆனால் காலியாகத் தெரியும் பாதை உண்மையில் காலி அல்ல. அது எப்படி என்பதை உங்கள் பள்ளிப் பாடத்தில் உள்ள இயக்கச் சமன்பாடுகளைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். கையில் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் பாதையில் பிறந்த ரயில்

முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925இல் பம்பாயில் ஓடியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1931இல், தென்னிந்திய ரயில்வே நிறுவனம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலை ஓடவிட்டது. தூரம் சுமார் 29 கிலோமீட்டர். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 1 மீட்டர் அகலமே உள்ள மீட்டர் பாதை அது.

நீராவி எஞ்சினை விட்டு மின்சாரத்துக்கு ஏன் மாறினார்கள்? புகை இல்லை என்பது மட்டும் காரணமல்ல. நீராவி வண்டியில் இழுக்கும் சக்தி முழுவதும் முன்னால் உள்ள எஞ்சினில் இருக்கிறது. மின்தொடர் வண்டியிலோ பல பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் உள்ளன. பல சக்கரங்கள் சேர்ந்து உந்துவதால் வண்டி சட்டென்று வேகம் எடுக்கும். இரண்டு முனைகளிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், தாம்பரம் போய்ச் சேர்ந்ததும் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோகும் வேலையும் கிடையாது. ஓட்டுநர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போனால் போதும். வண்டி திரும்பத் தயார்.

அன்று மேலே சென்ற கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். 1967இல் அது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றப்பட்டது. இதன் பயனை நீங்களே கணக்கிடலாம். ஒரு வண்டிக்கு 15 லட்சம் வாட் திறன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. 1,500 வோல்ட்டில் 1,000 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 25,000 வோல்ட்டில் 60 ஆம்பியரே போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே, கம்பியின் மின்தடை மாறாதிருந்தால், இழப்பு சுமார் 278இல் ஒரு பங்காகக் குறைகிறது! அதிக வண்டிகளுக்கு மின்சாரம் கொடுக்க இது வழி திறந்தது.

பிறகு பாதையே மாறியது. 2004இல் மீட்டர் பாதை மின்சார ரயில் விடைபெற்றது. 1.676 மீட்டர் அகலமுள்ள அகலப் பாதையில் அகலமான பெட்டிகள் ஓடத் தொடங்கின. முதலில் 9 பெட்டிகளாக இருந்த தொடர்கள் படிப்படியாக 12 பெட்டிகளாயின. 9ஐ 12 ஆக்கினால் மூன்றில் ஒரு பங்கு பேர் கூடுதலாக ஏறலாம். ஆனால் 12 பெட்டி வண்டி 250 மீட்டருக்கு மேல் நீளமானது. ஒவ்வொரு நிலையத்திலும் நடைமேடையை நீட்ட வேண்டும். நிலையத்தை ஒட்டிச் சாலையோ பாலமோ இருந்தால் நீட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு.

வண்டியை இதற்கு மேல் நீட்ட முடியாது என்றால், வண்டிகளின் எண்ணிக்கையைத்தான் கூட்ட வேண்டும். எத்தனை வரை கூட்டலாம்?

ஒரு பாதையில் எத்தனை வண்டி?

பேருந்துகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு செல்வதைப் பார்க்கிறோம். ரயில் அப்படிச் செல்ல முடியாது. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. குறைந்த ஆற்றலில் பெரும் பாரத்தை இழுக்க முடிவது இதனால்தான். ஆனால் அதே காரணத்தால் நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது.

மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு மின்சார ரயில் வருகிறது. பிரேக் போட்டால் வினாடிக்கு வினாடி 0.8 மீட்டர் வேகம் குறைகிறது என்று கொள்வோம். நிற்க 25 வினாடி ஆகும். அதற்குள் வண்டி 250 மீட்டர் ஓடிவிடும். நீண்ட, பாரம் மிகுந்த வெளியூர் வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் இதைவிட வெகுதூரம் வேண்டும். முன்னால் நிற்கும் வண்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகு நிறுத்தலாம் என்றால் நடக்காது.

அதனால் பாதையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் வாயிலிலும் சிக்னல் வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டில் ஒரு வண்டிக்குத்தான் அனுமதி. அந்தத் துண்டில் வண்டி இருக்கிறதா என்பது சிக்னலுக்கு எப்படித் தெரியும்? இரண்டு தண்டவாளங்களிலும் வலுக்குறைந்த மின்னோட்டம் ஒன்றைச் செலுத்துவார்கள். துண்டின் மறுமுனையில் அதைப் பெற்று இயங்கும் ரிலே ஒன்று இருக்கும். வண்டி வந்ததும் அதன் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்னோட்டம் அந்தக் குறுக்கு வழியில் போய்விட, ரிலே ஓய்ந்துவிடுகிறது. உடனே சிக்னலில் சிவப்பு எரிகிறது. இதில் ஓர் அழகு உண்டு. தண்டவாளம் உடைந்தாலும் மின்னோட்டம் அறுந்து சிவப்புதான் எரியும். கருவி பழுதானால் வண்டி நிற்க வேண்டுமே தவிர, ஓடக் கூடாது! சில இடங்களில் இப்போது துண்டுக்குள் நுழையும் அச்சுகளையும் வெளியேறும் அச்சுகளையும் எண்ணிப்பார்க்கும் கருவிகளும் இதே வேலையைச் செய்கின்றன.

சிவப்புக்கு முந்திய சிக்னலில் மஞ்சள் எரியும். அடுத்ததில் நிற்கத் தயாராகு என்று பொருள். அதற்கும் முந்தியதில் இரட்டை மஞ்சள். அதற்கும் முன்னால் பச்சை. ஆக, ஓடும் ஒவ்வொரு வண்டியும் தனக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத நீண்ட வால் ஒன்றை இழுத்துச் செல்கிறது. அந்த வாலின் மேல் வேறு வண்டி முழு வேகத்தில் ஏற முடியாது. மாம்பலத்தில் நீங்கள் பார்த்த காலிப் பாதை பெரும்பாலும் இந்த வால்தான்.

இனி நேரத்தைக் கணக்கிடுவோம். நிலையத்தில் வண்டி 30 வினாடி நிற்கிறது. புறப்படும் வண்டி வினாடிக்கு வினாடி 0.5 மீட்டர் வேகம் பெறுகிறது என்றால், தன் நீளமான 250 மீட்டரைக் கடந்து நடைமேடையை விட்டு விலகச் சுமார் 32 வினாடி ஆகும். பின்னால் வரும் வண்டி பாதுகாப்பான தூரத்திலிருந்து வந்து நிற்க இன்னும் ஏறத்தாழ ஒரு நிமிடம். கூட்டினால் 2 நிமிடம். சிறு தாமதங்களுக்கும் இடம் விட்டு 3 நிமிடம் என்று கொள்ளலாம். ஒரு பாதையில் மணிக்கு 20 வண்டி. மும்பையில் நெரிசல் வேளையில் 3, 4 நிமிடத்துக்கு ஒரு வண்டி விடுகிறார்கள் என்றால், அது எவ்வளவு நெருக்கமான ஓட்டம் என்று இப்போது புரிகிறதல்லவா?

கூட்டம் கூட்டத்தைப் பெருக்கும்

இந்தக் கணக்கில் நாம் மாற்றக்கூடிய எண் ஒன்று இருக்கிறது. நிலையத்தில் நிற்கும் அந்த 30 வினாடிதான் அது. வாசலில் நிற்பவர்கள் நகர மறுப்பதால், ஏறி இறங்க ஒரு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 நிமிட இடைவெளி மூன்றரை நிமிடமாகிவிடும். மணிக்கு 20 வண்டி போன இடத்தில் இனி 17 வண்டிதான் போக முடியும். ஒரே ஒரு நிலையத்தில் இப்படி நடந்தாலும் போதும்; பின்னால் வரும் எல்லா வண்டிகளும் தாமதமாகும். வண்டி தாமதமானால் அடுத்த நடைமேடையில் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தால் இன்னும் அதிக நேரம் நிற்க வேண்டும். கூட்டமே கூட்டத்தைப் பெருக்குகிறது.

மாட்டு வண்டிக்குப் பின்னால் பேருந்து

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். குறுகலான கிராமத்துச் சாலையில் மாட்டு வண்டி போகிறது. பின்னால் பேருந்து வந்து மாட்டிக்கொள்கிறது. முந்த வழியில்லை. ஒலிப்பானை எவ்வளவு அழுத்தினாலும் மாட்டு வண்டியின் வேகத்தில்தான் பேருந்து ஊர்ந்தாக வேண்டும். ஒரே இருப்புப்பாதையில் உள்ளூர் வண்டியும் வெளியூர் விரைவு வண்டியும் சென்றால் இதே நிலைதான்.

இரண்டுக்கும் அதே 72 கிலோமீட்டர் வேகம் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளூர் வண்டி ஒரு நிலையத்தில் நிற்பதற்கு எவ்வளவு நேரம் இழக்கிறது? பிரேக் போட்டு நிற்க 25 வினாடி, 250 மீட்டர். நிற்பது 30 வினாடி. மறுபடி முழு வேகம் பெற 40 வினாடி, 400 மீட்டர். மொத்தம் 95 வினாடியில் 650 மீட்டர் நகர்ந்திருக்கிறது. நிற்காமல் சென்ற வண்டி அந்த 650 மீட்டரை 32½ வினாடியில் கடந்திருக்கும். ஒரு நிறுத்தத்தின் விலை 62½ வினாடி!

எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே சேத்துப்பட்டு முதல் தாம்பரம் சானடோரியம் வரை 13 நிலையங்கள். 13 நிறுத்தங்களில் உள்ளூர் வண்டி இழப்பது சுமார் 13½ நிமிடம். விரைவு வண்டி வழியில் அதை இடித்துக்கொண்டு நிற்காமல் தாம்பரம் போய்ச் சேர வேண்டுமானால், 13½ நிமிடத்தோடு வழக்கமான 3 நிமிடத்தையும் சேர்த்து 16½ நிமிடம் கழித்தே எழும்பூரை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கு 3 நிமிடம் பின்னால்தான் அடுத்த உள்ளூர் வண்டி கிளம்பலாம். ஆக, இரண்டு உள்ளூர் வண்டிகளுக்கு நடுவே 19½ நிமிட இடைவெளி விழுந்துவிடுகிறது. அந்த ஒரே ஒரு விரைவு வண்டி, ஐந்தாறு உள்ளூர் வண்டிகளின் இடத்தை விழுங்கிவிட்டது!

இதற்குத் தீர்வு வேகத்தைக் கூட்டுவதல்ல, பிரித்துவிடுவது. நின்று நின்று போகும் வண்டிகளுக்கு ஒரு ஜோடிப் பாதை, நிற்காமல் போகும் வண்டிகளுக்கு இன்னொரு ஜோடிப் பாதை. ஒரே வேகமுள்ளவை ஒரு பாதையில் சென்றால் இடைவெளி வீணாகாது. மாம்பலத்தில் நீங்கள் பார்த்த நான்கு பாதைகளின் இரகசியம் இதுதான். மும்பையில் தாணேக்கும் திவாவுக்கும் இடையே 5, 6ஆம் பாதைகள் போடப்பட்டு 2022இல் திறக்கப்பட்டதும் வெளியூர் வண்டிகளையும் உள்ளூர் வண்டிகளையும் இப்படிப் பிரிப்பதற்காகத்தான்.

புனலின் கழுத்து

எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை நான்கு பாதைகள் உள்ளன. ஆனால் கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நெடுங்காலம் மூன்று பாதைகளே இருந்தன. தூரம் 4.3 கிலோமீட்டர்தான். இரண்டு பாதைகள் உள்ளூர் வண்டிகளுக்கு. மூன்றாவது ஒன்றில் போகும் வண்டியும் வரும் வண்டியும் மாறி மாறிச் செல்ல வேண்டும். மெதுவாக அந்தத் தூரத்தைக் கடந்து, பாதை மாற்றி, சிக்னல் கொடுக்கப் பத்து நிமிடம் ஆகும் என்று கொண்டால், இரு திசைக்கும் சேர்த்தே மணிக்கு ஆறு வண்டிதான் போக முடியும்.

எண்ணெய் ஊற்றும் புனலை நினைத்துப் பாருங்கள். வாய் எவ்வளவு அகலமாக இருந்தாலும், இறங்கும் எண்ணெயின் அளவைத் தீர்மானிப்பது கழுத்து. வாயை இன்னும் அகலமாக்கிப் பயனில்லை. 25 கிலோமீட்டருக்கு நான்கு பாதை இருந்தும், 4.3 கிலோமீட்டரில் மூன்றே இருந்தால் வடக்கிலிருந்து தெற்கே செல்லும் வண்டிகளுக்கு அந்த மூன்றுதான் கணக்கு. ஒரு பாதையை மேம்படுத்த விரும்பும் பொறியாளர் முதலில் தேடுவது இந்தக் கழுத்தைத்தான்.

கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்கு ஒதுக்கிய தொகை சுமார் 274 கோடி ரூபாய். 4.3 கிலோமீட்டருக்கு இவ்வளவா என்று வியக்காதீர்கள். நகரின் மிகப் பழைய, நெருக்கமான பகுதி அது. ஒரு பக்கம் பறக்கும் ரயிலின் பாதை. மறுபக்கம் சாலைகளும் கட்டடங்களும். இடம் உண்டாக்குவதுதான் பெரிய வேலை.

அந்த வேலைக்காக 2023 ஆகஸ்டு 27 முதல் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். மீண்டும் ஓடத் தொடங்கியது 2024 அக்டோபர் 29 அன்று. பதினான்கு மாதம் ஆகிவிட்டது. அதுவரை வேளச்சேரியிலிருந்து வருபவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி வேறு வழி தேட வேண்டியிருந்தது. நான்காவது பாதை 2025இல் முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ரயில்வேயை விரிவாக்குவது குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கட்டுவது போல. நாளைக்கு வரப்போகும் வசதிக்காக இன்று சிலர் சிரமப்படுகிறார்கள். எவ்வளவு நாள் சிரமம் என்பதைச் சரியாகக் கணித்துச் சொல்வதும் பொறியியலின் ஒரு பகுதிதான்.

ஓர் எல்லைக்கோடு

இத்தனை கணக்கும் எதற்கு? இரண்டு நிமிடம் முன்னதாக வீட்டுக்குப் போகவா? இல்லை. நெரிசல் என்பது வெறும் தொல்லை அல்ல. அது உயிரைப் பறிக்கக்கூடியது.

2018 ஜூலை 24. காலை நெரிசல் நேரம். மேலே செல்லும் மின்கம்பியில் பழுது ஏற்பட்டதால் மின்சார ரயில் ஒன்று தன் வழக்கமான பாதையை விட்டு, விரைவு வண்டிகள் செல்லும் பாதையில் திருப்பிவிடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டி நடைமேடைச் சுவர் ஒன்று இருந்தது. படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் அதில் மோதினார்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள்.

வண்டி சுவரில் மோதவில்லை, மனிதர்கள்தான் மோதினார்கள். ஏன்? ஒவ்வொரு வண்டிக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லைக்கோடு உண்டு. மின்சார ரயில் பெட்டியின் அகலம் சுமார் 3.66 மீட்டர். ஓடும்போது ஏற்படும் ஆட்டத்துக்கும் வளைவில் சாய்வதற்கும் கொஞ்சம் இடம் விட்டு, அதற்கு அப்பால்தான் சுவர், கம்பம், நடைமேடை எல்லாம் கட்டுவார்கள். படியில் தொங்குபவரின் உடல் அரை மீட்டர் வெளியே நீண்டால், அவர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். தினமும் போகும் பாதையில் எந்தக் கம்பம் எங்கே என்று அவருக்குப் பழக்கமாக இருக்கலாம். வண்டி பாதை மாறினால் அந்தப் பழக்கம் உதவாது.

தொங்குபவரைக் குறை சொல்லி முடித்துவிடலாமா? அது பாதி உண்மைதான். உள்ளே இடம் இருந்தும் வாசலில் நிற்பவர்கள் உண்டு. அது அவர்கள் தவறு. வேலைக்கும் கல்லூரிக்கும் நேரத்தோடு போக வேண்டியவருக்கு உள்ளே இடமே இல்லையென்றால், தவறு அவருடையது மட்டுமல்ல. கூடுதல் பெட்டியும், கூடுதல் வண்டியும், நான்காவது பாதையும் படியில் தொங்கும் அவரை உள்ளே அழைத்துக்கொள்ளும் முயற்சிகளே. 2025 ஏப்ரலில் சென்னையில் அறிமுகமான குளிர்சாதன மின்சார ரயிலில் கதவுகள் தாமாகவே மூடிக்கொள்கின்றன. இது பெரிய பாதுகாப்பு. ஆனால் கதவு மூடும் சில வினாடிகளும் நாம் போட்ட அந்த நேரக் கணக்கில் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

பாதைகள் கூடினால் இன்னோர் ஆபத்தும் கூடும். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர் நான்கு பாதைகளைத் தாண்டச் சுமார் 20 மீட்டர் நடக்க வேண்டும். வினாடிக்கு 1¼ மீட்டர் வீதம் 16 வினாடி ஆகும். அதற்குள் வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் வண்டி 320 மீட்டர் வந்துவிடும். முதல் பாதையில் நிற்கும் வண்டி, மூன்றாவது பாதையில் வரும் வண்டியை மறைத்துவிடவும் கூடும். ஆகவே பாதை பெருகும் இடமெல்லாம் நடைமேம்பாலமும் சுரங்கப்பாதையும் பெருகியாக வேண்டும். அவை இருக்கும் இடத்தில் இரண்டு நிமிடம் அதிகமானாலும் நாம் அவற்றையே பயன்படுத்த வேண்டும்.

நீங்களும் அளந்து பாருங்கள்

அடுத்த முறை மின்சார ரயிலில் போகும்போது ஒரு கடிகாரம் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி எத்தனை வினாடி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கும் மதியம் இரண்டுக்கும் தனித்தனியே அளந்து பாருங்கள். எந்த நிலையத்தில் வித்தியாசம் அதிகமோ, அந்தப் பாதையின் கழுத்து அங்கேதான் இருக்கக்கூடும். சென்னையில் இல்லாதவர்கள் உங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலும் இதைச் செய்யலாம். ஆனால் ஒன்று: அளவெடுக்கும்போது வாசலில் நிற்காமல் உள்ளே தள்ளி நில்லுங்கள். உங்களால் மிச்சமாகும் சில வினாடிகளும் சேர்ந்தால்தான் மணிக்கு 17 வண்டி 20 வண்டியாகும்!